வடக்குக் கோடியில் ஒன்பது அடி

ஸ்காட் ரோடு, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12.6.1985

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

தைப்பிங்கில் நீங்களும் பெரியம்மாவும் சுகம்தானே? இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு நிற்கிறது. டெலிபோனில் நான் கத்துவது உங்களுக்குக் கேட்பதில்லை, தெருவில் மற்ற எல்லோருக்கும் கேட்கிறது என்று பெரியம்மா சொன்னார். அதனால் இனிக் கடிதம்தான்.

செய்தி இருக்கிறது, பெரியப்பா! நீங்கள் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த கோலாலம்பூர் ஸ்டேசனைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் கட்டடம் முழுவதையும் அளந்து பிளான் வரைய வேண்டும். அந்த வேலை எங்கள் ஆபீசுக்குக் கிடைத்திருக்கிறது. அளப்பது யார் தெரியுமா? உங்கள் தம்பி மகளும், எங்கள் ஆபீசில் படம் வரையும் விஜயனும். டேப்பின் ஒரு முனை அவர் கையில், மறு முனை என் கையில்!

திங்கட்கிழமை கூரைக்கு ஏறினோம். ரோட்டிலிருந்து பார்க்கும்போது சீனிப் பொம்மை மாதிரித் தெரிகிற அந்தக் குடை மண்டபங்கள் ஒவ்வொன்றிலும் நாலு பேர் தாராளமாக நிற்கலாம். கால் வைக்கிற இடமெல்லாம் புறா எச்சம். ஆனால் அங்கே நின்று குனிந்து பார்த்தால் தண்டவாளங்கள் எல்லாம் காலடியில் விரிந்து கிடக்கின்றன. பட்டர்வொர்த் வண்டி புறப்பட்டபோது தூண் அதிர்ந்தது, பெரியப்பா. என் உள்ளங்கையில் அதிர்ந்தது! சின்ன வயதிலிருந்து அந்த வாசலைத் தாண்டி எத்தனை தடவை போயிருக்கிறேன், ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தேனா?

எந்த அறை எதற்காக இருந்தது என்று இப்போது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெற்கிலிருந்து வடக்கு வரை வரிசையாக எழுதி அனுப்புங்கள். கெதியாக!

உங்கள்
சிவமலர்


தைப்பிங்
20.6.1985

அன்புப் பிள்ளை சிவமலருக்கு,

கடிதம் கிடைத்த நேரம் தொட்டு உன் பெரியம்மாவை நான் ஒரு வேலையும் செய்யவிடவில்லை. வாசி, திரும்ப வாசி என்று நாலு தரம் வாசிப்பித்தேன். கண் எனக்கு நல்லாய்த் தெரியும், ஆனாலும் ஸ்டேசனைப் பற்றி இன்னொருவர் சொல்லிக் கேட்க ஆசை. கொம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்லு.

எழுதிக்கொள். தெற்குக் கோடியில் முதல் வகுப்புக்காரர் தங்கும் அறை. அடுத்தது டிக்கெட் ஆபீஸ். அதற்கு மேலேதான் ஹோட்டல். துரைமார் மாடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வண்டி வருவதைப் பார்ப்பார்கள். பிறகு ஸ்டேசன் மாஸ்டர் அறை. வெள்ளைக் காற்சட்டையில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தாலும் மாஸ்டர் அன்றைக்கு வெளியே வரமாட்டார். பிறகு தந்தி அறை. பிறகு கார்டுமாரின் அறை. பிறகு நான் இருந்த பார்சல் ஆபீஸ். விடியற்காலையில் அங்கே வந்து பார்த்திருக்க வேணும் நீ! கோழிக் கூடை, ரம்புத்தான், கிள்ளானில் இருந்து ஐஸ் போட்ட மீன், ஒருநாள் சர்க்கஸ்காரனின் குரங்கும் வந்தது. பெயர் எழுதி ஒட்டுவதற்கு முதல் அது என் பேனையைப் பறித்துக்கொண்டு போய் உத்திரத்தில் ஏறிவிட்டது.

பார்சல் ஆபீசோடு கட்டடம் முடிந்தது.

மேலே ஏறும்போது கவனம். விஜயன் என்பது யார் பிள்ளை?

அன்புடன்
பெரியப்பா கந்தப்பு


பிரிக்பீல்ட்ஸ்
8.7.1985

அன்புள்ள பெரியப்பா,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் முழங்கால் உட்பட எல்லாரும் பரவாயில்லை. குரங்குக் கதையை ஆபீசில் சொன்னேன், எங்கள் பெரிய இஞ்சினியரே சிரித்துவிட்டார்.

ஆனால் ஒன்று ஒத்து வரவில்லை, பெரியப்பா. உங்கள் பார்சல் ஆபீசை உள்ளே அளந்தோம். பிறகு வெளியே பிளாட்பாரத்தில் அதே சுவரை அளந்தோம். சுவர்க் கனத்தைக் கழித்துப் பார்த்தால் வடக்குக் கோடியில் ஒன்பது அடி இடிக்கிறது. வெளியே ஒன்பது அடி இருக்கிறது, உள்ளே இல்லை! விஜயன் நான் டேப்பைத் தப்பாகப் பிடித்தேன் என்றார். நான் அவருக்கு எண்ணத் தெரியாது என்றேன். இரண்டு பேரும் கோபத்தோடு மறுபடி அளந்தோம். அதே ஒன்பது அடி.

அங்கே என்ன இருந்தது?

உங்கள்
சிவமலர்


தைப்பிங்
15.7.1985

அன்புப் பிள்ளைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இங்கே வழக்கம்போலப் பின்னேரம் மழை. ரம்புத்தான் இந்த வருஷம் நல்ல காய்ப்பு, பெரியம்மா உங்களுக்கு ஒரு கூடை அனுப்ப நினைக்கிறாள். கொம்மா எண்ணெய் பூசுகிறாவோ?

வெயிலில் டேப் நீளும். பழைய கட்டடம் நேராய் இராது. ஒன்பது அடிக்காக மினக்கெடாமல் மற்ற வேலையைப் பார்.

பெரியப்பா


பிரிக்பீல்ட்ஸ்
29.7.1985

அன்புள்ள பெரியப்பா,

ரம்புத்தான் வந்தது, கூடைக்கு அடியில் இருந்த கடைசிப் பழம் வரை இனிப்பு. பெரியம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். உங்கள் உடம்பு எப்படி என்று இந்த முறை நீங்கள் எழுதவே இல்லையே.

வெயிலில் டேப் ஒன்பது அடி நீளாது, பெரியப்பா! காலை ஏழு மணிக்குப் போய் அளந்தேன். பிறகு சுவரைத் தட்டினேன். மற்றச் சுவரெல்லாம் கல்லு மாதிரி, இது ஒன்று மட்டும் பானை மாதிரிச் சத்தம் போடுகிறது. சாந்தைக் கொஞ்சம் சுரண்டினால் செங்கல் அடுக்கும் வேறு மாதிரி. கட்டடம் கட்டினவர்கள் போட்ட சுவர் இல்லை இது. பிறகு யாரோ அடைத்திருக்கிறார்கள். ஒரு மூடின அறை, பெரியப்பா, இத்தனை பேர் போய் வருகிற ஸ்டேசனில்! எனக்கு நித்திரையே வரவில்லை.

செப்டம்பரில் அதை உடைத்துப் பார்க்க அனுமதி வாங்கியாயிற்று. உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கும் என்று விஜயனோடு பந்தயம் கட்டியிருக்கிறேன்.

உங்கள்
சிவமலர்


தைப்பிங்
2.9.1985

அன்பு மகள் சிவமலருக்குப் பெரியம்மா குணபூசணி எழுதுவது.

நான் சுகம். நீயும் கொம்மாவும் சுகமாய் இருக்க வேணும். உன் கடிதத்துக்கு ஒரு மாதமாய்ப் பதில் இல்லை என்று நீ யோசிப்பாய். பெரியப்பாவுக்கு நோய் ஒன்றும் இல்லை. உன் கடைசிக் கடிதத்தை வாசித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். தோய்க்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டைக்குள் வைக்கிறார். பின்னேரத்தில் இங்கத்தைய ஸ்டேசனுக்குப் போய்ப் பிளாட்பார வாங்கில் குந்தி இருந்துவிட்டு வருகிறார். என்ன என்று கேட்டால் காது கேட்காத மாதிரி இருக்கிறார். எனக்கு எந்த நேரம் கேட்காது, எந்த நேரம் கேட்கும் என்று தெரியாதா? நாற்பது வருஷம் அவரோடு இருக்கிறேன்.

அந்தச் சுவரை உடைக்கத்தான் வேணுமோ, பிள்ளை?

பெரியம்மா


பிரிக்பீல்ட்ஸ்
10.9.1985

அன்புள்ள பெரியப்பா,

நலமா? பெரியம்மாவின் கடிதம் வந்தபோது நாள் குறித்தாகிவிட்டது. என்னால் நிறுத்த முடியவில்லை. நிறுத்த ஆசைப்பட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு உடைத்தார்கள். முதல் செங்கல் உள்ளே விழுந்ததும் மண்ணெண்ணெய் வாசம் வந்தது! இத்தனை வருஷத்துக்குப் பிறகு! டார்ச் அடித்துப் பார்த்தோம். சுவர் நிறையக் கொக்கிகள். ஒன்றில் பச்சைக் கண்ணாடி உடைந்த ஒரு கைவிளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. பிளாட்பாரப் பக்கம் ஒரு இரும்புக் கதவு, அதற்கு வெளிப்பக்கம் சுவர். விளக்கறை! சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றின அறை. விஜயன் பந்தயத்தில் தோற்றார், நானும் தோற்றேன்.

நான் குந்தியிருந்து தரையை அளக்கும்போதுதான் பார்த்தேன். சுவரில், தரையோடு ஒட்டி, ஆணியால் கீறின எழுத்து. படுத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். அப்படியே எழுதுகிறேன்:

‘சின்னையா. காப்பார். அண்ணன் இராமலிங்கம் சயாம் போயிட்டான்.’

கீழே பதினொரு கோடு.

பெரியப்பா, இந்தச் சின்னையா யார்? நீங்கள் பார்சல் ஆபீசில் இருந்தபோதுதானே?

சிவமலர்


தைப்பிங்
25.9.1985

அன்புப் பிள்ளை சிவமலருக்கு,

உடம்பு சுகம். மனம்தான் கொஞ்ச நாளாய்ச் சரியில்லை. பொய் சொன்னதற்கு முதலில் மன்னித்துக்கொள். பார்சல் ஆபீசோடு கட்டடம் முடியவில்லை.

1943ஆம் வருஷம், ஜூன் மாதம். ஜப்பான்காரன் காலம். எனக்கு இருபத்தாறு வயது. சயாமில் ரயில் பாதை போட என்று தோட்டங்களில் இருந்து எங்கட தமிழ் ஆட்களைச் சரக்கு வண்டியில் அடைத்துக் கொண்டுபோனார்கள். கூலி தருவோம், அரிசி தருவோம் என்று சொல்லிக் கூட்டிவந்தது. போனவர்கள் திரும்பி வரவில்லை என்பது எங்களுக்கு அப்போதே தெரியத் தொடங்கிவிட்டது. வண்டிகள் எங்கள் ஸ்டேசன் வழியாய்த்தான் போகும். நான் பெட்டி எண்களைக் குறித்துக் கொடுப்பேன். விளக்கறைச் சாவியும் என்னிடம்தான்.

அன்றைக்கு மத்தியானம் நான் விளக்கறையில் எண்ணெய் அளந்துகொண்டு நின்றேன். வண்டி நின்றது. தண்ணீர் குடிக்க ஆட்களை இறக்கினார்கள். குழாய் என் கதவில் இருந்து பத்து அடி. இரண்டு பொடியன்கள் என்னைப் பார்த்தார்கள். ஒரே முகவெட்டு, அண்ணன் தம்பி என்று தெரிந்தது. நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். பிள்ளை, இதை விளங்கிக்கொள். அவர்கள் கேட்கவில்லை, நான்தான் கூப்பிட்டேன்.

தம்பி முதலில் ஓடி வந்து உள்ளே விழுந்தான். அண்ணன் நாலு அடி தூரத்தில் வரும்போது தூணுக்கு அப்பால் சிப்பாயின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்திவிட்டேன். அவன் உள்ளங்கையால் இரண்டு தரம் அடித்தான். நான் திறக்கவில்லை. பிறகு சத்தம் இல்லை.

தம்பி எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் கிடந்து ‘அண்ணன் எங்க?’ என்று கேட்டான். ‘அவன் பயந்து தானே வண்டிக்குத் திரும்பி ஓடிவிட்டான்’ என்றேன்.

பதினொரு நாள் மரவள்ளிக்கிழங்கும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் கிள்ளானுக்குப் போன வெறும் பெட்டியில் ஏற்றி அனுப்பினேன். அவனும் என் பெயரைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சண்டை முடிந்து, விளக்கறை பாவிப்பில் இல்லை, அடைத்துவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதினவனும் நான்தான். அதன் முன்னால் நடந்து போக என்னால் முடியவில்லை.

உன் பெரியம்மாவுக்கும் நேற்றுத்தான் சொன்னேன்.

கந்தப்பு


பிரிக்பீல்ட்ஸ்
14.10.1985

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மா,

உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை எனக்கு. கண்டுபிடித்துவிட்டோம்!

நேற்று ஞாயிற்றுக்கிழமை விஜயனின் மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்கு அப்பால் இருக்கும் காப்பாருக்குப் போனேன். (அம்மா நான் பஸ்ஸில் போனேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அது அப்படியே இருக்கட்டும்.) தோட்டத்து முகப்பில் ஒரு சாப்பாட்டுக்கடை. கடைக்கார அம்மாவிடம், நாற்பது வருஷத்துக்கு முந்திச் சின்னையா என்று ஒருவர் இங்கே இருந்தாரா என்று கேட்டேன். ‘எந்தச் சின்னையா? ஸ்டேசன் சின்னையாவா?’ என்றார்.

ஸ்டேசன் சின்னையாவாம், பெரியப்பா! ‘ஏன் அப்படிப் பேரு?’ என்றால், ‘அந்தாளு கல்யாணம் கருமாதி எதுக்கு வந்தாலும் கேஎல் ஸ்டேசன்ல கணக்கு எழுதுற ஒரு கிராணி தன்ன ஒளிச்சு வச்ச கதையத்தான் சொல்லும் லா. கேட்டுக் கேட்டு எங்களுக்கே மனப்பாடம். இப்ப கேரி தீவுல இருக்காரு’ என்றார்.

அங்கிருந்து நேரே கேரி தீவு. செம்பனைக்கு நடுவில் ஒரே மாதிரி வீடுகள். தலையெல்லாம் நரைத்த, திடமான ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரில் இருந்த வரியைத்தான் சொன்னேன். எண்ணெய்க் கையாலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ‘அந்தக் கிராணி இருக்காரா? இருக்காரா?’ இருக்கிறார், என் பெரியப்பா என்றேன். அவ்வளவுதான், பக்கத்து வீடுகளில் இருந்து எல்லாரையும் கூவி அழைத்துவிட்டார்.

இன்னும் ஒன்று. அண்ணன் இராமலிங்கம் சாகவில்லை! சயாமில் மூன்று வருஷம் கிடந்து, காய்ச்சலோடு திரும்பி வந்து, கல்யாணம் செய்து, ஐந்து பிள்ளைகள் பெற்று, 1974இல்தான் இறந்திருக்கிறார். அவர் மகள் இராஜம்மா அதே வரிசையில் ஆறாவது வீடு. மற்றதெல்லாம் நேரில் சொல்கிறேன்.

உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சிவமலர்


கேரி தீவு
24.10.1985

கிராணி ஐயா அவர்களுக்குச் சின்னையா வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. எனக்கு நாலு வரிக்கு மேல் எழுத வராததால் நான் சொல்லச் சொல்ல என் அண்ணன் மகள் இராஜம்மா எழுதுகிறாள். நாங்கள் இங்கு எல்லோரும் நல்லபடி இருக்கிறோம். நீங்களும் அம்மாவும் நல்லபடி இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஐயா, உங்கள் தம்பி மகள் நல்ல பிள்ளை. ஆனால் நான் சொன்னதில் பாதியை அது உங்களுக்கு எழுதியிருக்காது. அண்ணன் திரும்பி வந்ததாக மட்டும் எழுதியிருக்கும். நான் ஒளிக்க விரும்பவில்லை.

அண்ணன் வந்த அன்றே கதவு சாத்தின கதையை என்னிடம் சொல்லிவிட்டான். அவன் தானாகத் திரும்பி ஓடவில்லை என்பது எனக்கு முப்பத்தொன்பது வருஷமாகத் தெரியும். அவன் உங்களைத் திட்டாத நாள் இல்லை. நான் உங்களைப் புகழ்ந்தால் அவன் சோற்றுத் தட்டோடு எழுந்து போவான். ஒரே வீட்டில் ஒருத்தன் கும்பிட்டான், ஒருத்தன் திட்டினான். இரண்டு பேருக்கும் உங்கள் பேர் தெரியாது.

நான் உங்களைப் பார்க்க வேண்டும். இதை எழுதுகிற இராஜம்மா, நீங்கள் வந்தால் தானும் கேட்க ஒன்று இருக்கிறது என்கிறாள். பயப்பட வேண்டாம் என்று எழுதச் சொன்னேன், அதை எழுத மாட்டேன் என்கிறாள்.

வாருங்கள் ஐயா.

சின்னையா


தைப்பிங்
2.11.1985

திரு. சின்னையா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எல்லோரும் நலமென்று அறிந்து ஆறுதல். எழுதின பிள்ளையின் கையெழுத்து மிகவும் தெளிவு, ஒரு சொல்லும் எனக்குத் தப்பவில்லை.

தீபாவளி கழிந்த சனிக்கிழமை, 16ஆம் தேதி, பகல் வண்டியில் கோலாலம்பூர் வருகிறேன். இராஜம்மாவும் வரவேணும். அவ வராவிட்டால் நான் வந்ததில் பிரயோசனம் இல்லை.

கந்தப்பு


பிரிக்பீல்ட்ஸ்
18.11.1985

அன்புள்ள பெரியம்மா,

நீங்கள் தனியாக இருப்பீர்கள், பயப்படாதீர்கள், பெரியப்பா நன்றாக இருக்கிறார். அம்மாவும் நானும் சுகம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சின்னையா தனியாக வரவில்லை. வாடகை வேனில் பத்தொன்பது பேர்! எல்லாருக்கும் பிளாட்பார டிக்கெட் எடுத்து வரிசையாக நின்றார்கள். ஸ்டேசன் மாஸ்டரே வெளியே வந்து, யாராவது அமைச்சர் வருகிறாரா என்று கேட்டார். வண்டி நின்றது. பெரியப்பா குடையோடு இறங்கினார். சின்னையா ஓடிப்போய், காலில் விழப் பார்த்தார். பெரியப்பா தடுத்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆட்டிக்கொண்டே நின்றார்கள்.

இராஜம்மா தூண் பக்கம் தள்ளி நின்றார். பெரியப்பாவே அவரைத் தேடிப் போனார். ‘நான்தான் கதவைச் சாத்தினது’ என்றார்.

இராஜம்மா மெதுவாக என்னவோ சொன்னார். பெரியப்பா கையைக் காதில் வைத்து, ‘பலமாய்ச் சொல்லு பிள்ளை, கேட்கேல்லை’ என்றார். ‘எங்கப்பா சாகுற வரைக்கும் உங்கள ஏசினாரு!’ என்று அவர் கத்தினார். பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியப்பா, ‘ஏச வேண்டியதுதான்’ என்றார். ‘ஏன் பொய் சொன்னீங்க? ஓடிட்டாருன்னு ஏன் சொன்னீங்க? எங்கப்பா ஓடல!’ இதுதான் அவர் கேட்க வைத்திருந்தது, பெரியம்மா. கதவு இல்லை. அந்தப் பொய்.

பெரியப்பா குடையைத் தரையில் வைத்தார். பிறகு பத்தொன்பது பேரையும் பார்த்து, உரத்த குரலில், பழைய பார்சல் ஆபீஸ் குரலில் சொன்னார்: ‘இராமலிங்கம் ஓடவில்லை. தம்பியை முதலில் விட்டுவிட்டுப் பின்னால் வந்தான். கதவைத் தட்டினான். அவனைப் பிடித்தபோதும் உள்ளே ஆள் இருக்கென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சின்னையாவும் இல்லை, நானும் இல்லை. நான்தான் பொய் சொன்னேன்.’

சின்னையா அழுதுவிட்டார். அண்ணன் காட்டிக்கொடுக்காமல் போனதை அவரும் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லையாம். இராஜம்மா அழவில்லை. பெரியப்பாவைப் பார்த்து, ‘உங்க பேரு என்ன?’ என்றார். ‘கந்தப்பு.’ ‘கந்தப்பு’ என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, ‘இதயே எங்கம்மா கிட்டயும் வந்து சொல்லணும். அம்மாவால வேன்ல ஏற முடியல’ என்றார்.

‘இப்பவே வாறன்’ என்றார் பெரியப்பா.

நான் விளக்கறையைக் காட்டலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் பெட்டியோடு அவரையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். அவரும் ஏறிவிட்டார்! இன்று காலை ஆபீசுக்குப் போன் வந்தது. இன்னும் ஒரு கிழமை இருப்பாராம். இராமலிங்கத்தின் மனைவி, சொன்னதையே தினமும் திரும்பச் சொல்லச் சொல்கிறாராம்.

பிரஷர் மாத்திரை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதையும் கட்டிக்கொள்ள இரண்டு சாரத்தையும் உடனே தபாலில் அனுப்புங்கள். அவர் தங்கியிருப்பது சின்னையா வீட்டில் இல்லை. உறையில் இப்படி எழுதுங்கள்:

கந்தப்பு,
இராஜம்மா இராமலிங்கம் வீடு,
ஆறாவது வீடு, கேரி தீவு.

அன்பு மகள்
சிவமலர்